கிருமியைத் தின்னும் கிருமி: கங்கைச் செம்பு சொல்லும் கதை

காசி யாத்திரை போய்த் திரும்பும் நம்மவர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. வாயை அடைத்துப் பற்றுவைத்த சின்னஞ்சிறு செம்பு ஒன்று துணிமூட்டைக்குள் பத்திரமாக இருக்கும். ராமேசுவரத்து மணலைக் கங்கையில் கரைத்துவிட்டு, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி என்பது பெரியவர்கள் வகுத்த முறை. மிச்சச் செம்பு பூஜை அறைக்குப் போகும். அந்திமக் காலத்தில் வாயில் ஒரு சொட்டு விட அது வேண்டும்.

டில்லியிலும் ஆக்ராவிலும் கான்பூரிலும் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் செம்பு இன்னும் சுலபம். ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் காசி போய்விடலாம். "வருஷம் பத்து ஆகியும் ஜலம் கெடவில்லை பாருங்கள்" என்று வந்தவரிடம் காட்டுவதில் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பெருமை. "விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்ட விஷயம்" என்று பக்கத்திலிருப்பவர் ஒத்து ஊதுவார்.

விஞ்ஞானிகள் உண்மையில் என்னதான் சொன்னார்கள்? நூற்றாண்டுக்கும் மேலான கதை அது. அது தொடங்கிய இடம் காசி அல்ல, தாஜ்மஹால் இருக்கும் ஆக்ரா.

ஆக்ராவில் ஒரு பரிசோதனை

1890-களில் ஆக்ராவில் எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சர்க்கார் ரசாயனப் பரிசோதகராக இருந்தார். பலவற்றில் ஆர்வம் கொண்ட மனிதர். வானத்தில் வட்டமிடும் கழுகுகள் சிறகை அடிக்காமல் எப்படி மிதக்கின்றன என்று ஆராய்ந்து புத்தகம் எழுதினார். மொகலாயர் கட்டடங்களில் உள்ள கணிதக் கோலங்களை எப்படி வரைந்தார்கள் என்றும் ஆராய்ந்தார். வாந்திபேதி பரவும்போது கிணறுகளில் பெர்மாங்கனேட்டைக் கலந்து கிருமியை ஒழிக்கும் முறையைப் பரப்பியவரும் இவரே.

அந்நாளில் காலரா என்றால் ஊரே காலியாகும். கிருமி தண்ணீரில் வருகிறது என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் லட்சக்கணக்கானோர் குளித்து, குடித்து, பிணங்களையும் விடும் கங்கை அல்லவா நோயை நாடு முழுதும் கொண்டு போக வேண்டும்? ஆற்றின் போக்கிலேயே காலரா இறங்கி வரக் காணோமே என்று ஹான்கினுக்குச் சந்தேகம் வந்தது.

கங்கை, யமுனை நீரை எடுத்து அதில் காலராக் கிருமியைக் கலந்து பார்த்தார். கொதிக்க வைக்காத நீரில் மூன்று மணி நேரத்துக்குள் கிருமிகள் மாண்டுபோயின. அதே நீரைக் கொதிக்க வைத்துவிட்டுக் கலந்தால் கிருமிகள் சாகவில்லை. ஆற்று நீரில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, கொதித்தால் அது போய்விடுகிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. ஆவியாகும் ரசாயனமாக இருக்கலாம் என்று ஊகித்தார். 1896-ல் பாரீஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் பத்திரிகையில் பிரெஞ்சு மொழியில் இதை வெளியிட்டார்.

அதே 1896-ல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் ஆக்ராவில் இந்தச் செய்தியைக் கேட்டு வியந்து தமது பயண நூலில் எழுதினார். கங்கை நீருக்கு விஞ்ஞான முத்திரை விழுந்தது என்ற பேச்சு அதன்பின் உலகமெங்கும் பரவியது.

பாரீஸில் வைத்த பெயர்

அந்த மாயப் பொருள் எது என்பதற்கு இருபது ஆண்டுகள் கழித்து ஒரு விடை கிடைத்தது. 1915-ல் லண்டனில் பிரெடரிக் ட்வார்ட் என்பவர், தாம் வளர்த்த பாக்டீரியாக் கூட்டம் சில இடங்களில் கண்ணாடி போல் கரைந்து போவதைக் கண்டார். யுத்த காலம். அவரால் ஆராய்ச்சியைத் தொடர முடியவில்லை.

அதே சமயம் பிரான்சில் பெலிக்ஸ் டெரெல் என்பவர் சீதபேதியால் வாடிய படைவீரர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். நோயாளியின் மலத்தைக் கரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். வடிந்த தெளிநீரைச் சீதபேதிக் கிருமி வளர்ந்த குழாயில் விட்டார். கலங்கிக் கிடந்த குழாய் மறுநாள் தெளிந்துவிட்டது. கிருமிகள் கரைந்து போயிருந்தன. நோயாளி தேறும் வேளையில்தான் இந்தச் சக்தி அவர் உடலில் பெருகியிருந்தது.

பாக்டீரியாவைவிடச் சிறிய ஓர் உயிர், ஒரு வைரஸ், அதைத் தின்கிறது என்று 1917-ல் டெரெல் அறிவித்தார். 'பாக்டீரியோபேஜ்' என்று பெயரும் வைத்தார். பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள். சுருக்கமாகப் 'பேஜ்' என்பார்கள். 1919-ல் பாரீஸ் குழந்தைகள் மருத்துவமனையில் சீதபேதியால் அவதிப்பட்ட பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் டெரெலும் மற்ற டாக்டர்களும் அதைத் தாங்களே குடித்துப் பார்த்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பையன் பிழைத்தான்.

ஊசியோடு வரும் எமன்

பேஜைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. 1940-ஐ ஒட்டி எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் அதன் உருவம் தெரிந்தது. பலவகைப் பேஜ்களில் நன்கு ஆராயப்பட்டது டி-4 என்பது. பலமுகப் பட்டை தீட்டிய தலை, அதன் கீழே குழல் போன்ற வால், வாலின் அடியில் சிலந்திக் கால்கள். தலையிலிருந்து வால் வரை நீளம் சுமார் 200 நானோமீட்டர். இப்படி ஐயாயிரம் பேஜ்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும்.

இது தானாக நீந்தாது, மூச்சு விடாது, சாப்பிடாது. தண்ணீரில் அலைந்துகொண்டே இருக்கும். தனக்குரிய பாக்டீரியாவின் மேல் முட்டினால் கால்களை ஊன்றி உட்காரும். வால் சுருங்கும். டாக்டர் ஊசி போடுவது போலத் தலைக்குள் இருக்கும் மரபுப் பொருளை பாக்டீரியாவின் உள்ளே செலுத்திவிடும். கூடு வெளியே நிற்கும்.

அந்த நிமிஷம் முதல் பாக்டீரியா தன் வேலையை மறந்து பேஜுக்கு வேலை செய்கிறது. உள்ளே தலைகள், வால்கள், கால்கள் தயாராகி ஒன்றோடொன்று கூடுகின்றன. ஏறக்குறைய அரைமணி நேரத்துக்குள் பாக்டீரியா வெடிக்கிறது. நூறு, இருநூறு குட்டிப் பேஜ்கள் வெளியே வந்து அடுத்த இரையைத் தேடுகின்றன.

இங்கே ஒரு முக்கிய விஷயம். பேஜ் எல்லாக் கிருமியையும் தொடாது. பூட்டுக்குச் சாவி போல ஒவ்வொன்றுக்கும் ஓர் இனம், பல சமயம் அந்த இனத்திலும் ஒரு சில வகை மட்டுமே இரை. காலராக் கிருமியைக் கொல்லும் பேஜ் டைபாய்டுக் கிருமியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. மனித உடலின் உயிரணுக்களுக்குள்ளும் அது புகாது.

பஞ்சாபிலும் அசாமிலும்

1925-ல் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பிளேக் கண்ட நான்கு பேரை டெரெல் பேஜ் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அவர் புகழ் பரவியது. இந்தியாவுக்கும் அழைக்கப்பட்டார். 1927-ல் பஞ்சாபில் காலரா கண்ட கிராமங்களில் நோயாளிகளுக்குப் பேஜைக் குடிக்கக் கொடுத்தும், கிணறுகளில் ஊற்றியும் பார்த்தார். பலன் நன்றாக இருந்ததாகத் தெரிவித்தார்.

அதைத் தொடர்ந்து அசாமிலும் பெரிய அளவில் முயற்சி நடந்தது. ஷில்லாங் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தலைவர் மோரிசன், நவ்காங் பகுதிக் கிராமங்களுக்குப் பேஜ் மருந்தை வழங்கச் செய்தார். இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஹபிகஞ்ச் பகுதியை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டார். மருந்து வழங்கிய பகுதியில் காலராச் சாவு வெகுவாகக் குறைந்தது என்றார்.

ஆனால் மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். காலரா ஒரு வருஷம் தலைவிரித்தாடும், மறு வருஷம் தானாகவே அடங்கும். அடங்கியது மருந்தாலா, இயற்கையாலா? நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொடுத்து ஒரு பாதிக்குக் கொடுக்காமல் ஒப்பிடும் கட்டுப்பாடான பரிசோதனைகள் அன்று அரிது. அமெரிக்க மருத்துவ சங்கத்துக்காக 1934-ல் வெளியான ஆய்வறிக்கையும் பேஜ் வைத்தியத்துக்குப் போதிய ஆதாரமில்லை என்ற ரீதியில் எழுதியது. சற்றுப் பின்னால் பென்சிலின் வந்தது. பல கிருமிகளை ஒரே மருந்து கொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பேஜைத் தேடுவானேன் என்று மேல்நாட்டார் விட்டுவிட்டார்கள்.

விடாமல் பிடித்துக்கொண்ட இடங்களில் முக்கியமானது சோவியத் ஜார்ஜியா. தலைநகர் டிபிலிசியில் 1923-ல் ஜார்ஜ் எலியாவா தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் டெரெலையும் வரவழைத்துப் பேஜ் மருந்து தயாரித்தது. 1937-ல் ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பில் எலியாவா கொல்லப்பட்டார். நிலையம் பிழைத்தது. இன்றும் வைத்தியம் செய்கிறது.

ஆராய்ச்சிக்கூடத்தின் பொக்கிஷம்

வைத்தியசாலை கைவிட்டாலும் விஞ்ஞானிகள் பேஜை விடவில்லை. தாய் தந்தையின் குணம் பிள்ளைக்கு எதன் வழியே வருகிறது என்ற கேள்விக்கு 1952-ல் ஹெர்ஷியும் சேஸும் பேஜை வைத்தே விடை கண்டார்கள். பாக்டீரியாவுக்குள் போவது டி.என்.ஏ., வெளியே நிற்பது புரதக் கூடு. ஆகவே பரம்பரைச் செய்தி டி.என்.ஏ.யில்தான் இருக்கிறது. ஹெர்ஷி, டெல்புரூக், லூரியா மூவரும் 1969-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பேஜ் ஊசி போட வந்தால் பாக்டீரியா சும்மா இருக்குமா? உள்ளே வரும் அன்னிய டி.என்.ஏ.யை வெட்ட அது கத்தரிக்கோல் வைத்திருக்கிறது. அந்தக் கத்தரிக்கோலைக் கண்டு ஆராய்ந்தவர்களுக்கு 1978-ல் நோபல் பரிசு. மரபுப் பொருளை வெட்டி ஒட்டும் தொழிலே அதிலிருந்துதான் பிறந்தது. ஒருமுறை தாக்கிய பேஜின் அடையாளத்தை பாக்டீரியா குறித்து வைத்து மறுமுறை வெட்டும் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 'கிரிஸ்பர்' என்ற அதை மரபணுவைத் திருத்தும் கருவியாக்கிய ஷார்பான்டியே, டூட்னா என்ற இரு பெண் விஞ்ஞானிகளுக்கு 2020-ல் நோபல் கிடைத்தது. பேஜின் கூட்டின் மேல் புரதங்களை ஒட்டி வைத்து நல்ல மருந்தைத் தேடிப் பொறுக்கும் முறைக்கு 2018-ல் நோபல். மூட்டுவாதத்துக்குப் போடும் அடலிமுமாப் ஊசி அந்த முறையில் உருவானது.

தலைநகர் டில்லிக்கும் இதில் பங்கு உண்டு. டைபாய்டு கண்ட பத்துப் பேருக்கும் ஒரே இடத்திலிருந்து நோய் வந்ததா, தனித்தனியாக வந்ததா என்று எப்படித் தெரிவது? நோயாளியின் கிருமியை எந்தெந்தப் பேஜ் கொல்கிறது என்று பார்த்தால் அதன் கோத்திரம் தெரிந்துவிடும். இதற்கான தேசிய நிலையம் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் அமைந்தது. சீழ்க்கட்டிக் கிருமிகளுக்கான நிலையம் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் அமைந்தது.

காலராவின் மறுபக்கம்

பேஜ் என்றால் நல்லது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சில பேஜ்கள் பாக்டீரியாவை உடனே கொல்லாமல் அதன் மரபுப் பொருளோடு ஒட்டிக் குடித்தனம் நடத்தும். வாடகைக்குப் பதில் புதுக் குணம் ஒன்றையும் கொடுக்கும்.

காலராவில் உடம்பு நீரை வற்றடிப்பது கிருமி விடும் நஞ்சுதான் என்று 1959-ல் கல்கத்தா விஞ்ஞானி சம்பு நாத் டே நிரூபித்தார். அந்த நஞ்சைச் செய்யும் வித்தை கிருமிக்கு எங்கிருந்து வந்தது? ஒரு பேஜ் கொண்டுவந்து கொடுத்தது என்று 1996-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் கண்டுபிடித்தார்கள். காலராவைக் கொல்வதும் பேஜ், காலராவுக்கு நஞ்சு கொடுத்ததும் வேறொரு பேஜ்!

திரும்பி வந்த மருந்து

பென்சிலின் காலத்து நம்பிக்கை இன்று ஆட்டம் கண்டுவிட்டது. கண்டபடி மாத்திரை தின்றதன் விளைவாகக் கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுக்கின்றன. அடங்காத கிருமிகளால் நேரடியாக 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே பழைய பேஜ் பக்கம் மறுபடியும் பார்வை திரும்பியிருக்கிறது.

அமெரிக்கப் பேராசிரியர் டாம் பேட்டர்சன் 2015-ல் எகிப்துக்குச் சுற்றுலா போன இடத்தில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமியிடம் சிக்கினார். நினைவிழந்து கிடந்தார். அவர் மனைவி ஸ்டெபனி ஸ்ட்ராத்டி தொற்றுநோய் நிபுணர். விஞ்ஞானிகளுக்கு எழுதி எழுதி அந்தக் கிருமிக்குப் பொருந்தும் பேஜ்களைத் தேடிச் சேர்த்தார். 2016 மார்ச்சில் பேஜ் உடலில் செலுத்தப்பட்டது. சில நாட்களில் பேட்டர்சன் கண் விழித்தார்.

காசியிலேயே இந்துப் பல்கலைக்கழக டாக்டர்கள் ஆறாத புண் கொண்ட 20 பேருக்குப் பேஜ் மருந்து வைத்துப் பார்த்து, நல்ல பலன் கண்டதாக 2019-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இருபது பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. பெரிய பரிசோதனைகள் நடந்தாக வேண்டும். இருந்தாலும் இது வெறும் கனவல்ல என்பது தெரிகிறது.

செம்பு நீர் சுத்தமா?

இனிப் பூஜை அறைச் செம்புக்கு வருவோம். ஹான்கின் கண்டது பேஜ்தானா என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களிடம் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பேஜ் என்றே வைத்துக்கொண்டாலும், அது அங்கே எப்படி வந்தது?

இரை இருக்கும் இடத்தில்தான் வேட்டைக்காரன் பெருகுவான். மலக்கழிவு கலந்த நீரில் குடல் கிருமிகள் கோடி கோடி. ஆகவே அவற்றைத் தின்னும் பேஜும் அங்கே கோடி கோடி. தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே இன்று குடல் கிருமிப் பேஜ்களை எண்ணிப் பார்க்கும் முறை உலகமெங்கும் உண்டு. ஆற்று நீரில் இந்தப் பேஜ் மிகுந்திருப்பது அதன் தூய்மைக்குச் சான்று அல்ல. ஆற்றில் நாம் கொட்டியதற்குச் சான்று.

டாக்காவில் 2005-ல் வெளியான ஆராய்ச்சியும் இதையே விளக்குகிறது. முதலில் காலரா பெருகுகிறது. நோயாளிகளின் குடலிலேயே பேஜும் பெருகி நீரில் கலக்கிறது. அதன்பின் காலரா அடங்குகிறது. அதாவது பேஜ் வந்து சேரும்போது பலர் நோயில் விழுந்தாகிவிட்டது. காவல்காரன் வருகிறான், ஆனால் திருட்டு நடந்த பிறகு வருகிறான்.

மேலும் காலராப் பேஜ் காலராவை மட்டுமே பார்க்கும். மஞ்சள் காமாலை வைரஸையோ, தொழிற்சாலை விடும் ஈயத்தையோ அது என்ன செய்யும்? குளிப்பதற்கே 100 மில்லி லிட்டர் ஆற்று நீரில் மலக்கிருமி எண்ணிக்கை 2,500-ஐத் தாண்டக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. கங்கையின் பல இடங்களில், பல சோதனைகளில் இந்த வரம்பு மீறப்பட்டிருக்கிறது.

அப்படியானால் செம்பு நீர் கெடாமல் இருப்பது எப்படி? வெளிச்சமும் காற்றும் புகாத பாத்திரத்தில் பாசி பிடிக்காது. செம்பு உலோகத்துக்கே கிருமியைக் கொல்லும் குணமும் உண்டு. நாற்றமில்லை, புழுவில்லை என்பதால் குடிக்கத் தகுந்தது என்று ஆகிவிடாது.

இதில் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது. அபிஷேகத்துக்குக் கங்கை நீர் கங்கை நீர்தான். ஆனால் காசித் துறையில் நின்று, கெடாத தீர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் புகட்டுவது வேறு விஷயம். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குச் செம்பைத் திறந்து தீர்த்தம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது அதைவிட ஆபத்து.

காலராவை உண்மையில் வென்ற மருந்து மிக எளியது. 1971-ல் வங்க அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனபிஸ், நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்த நிலையில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அண்டா அண்டாவாகக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, மட்டமாக அளந்து கலக்க வேண்டும். அதைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கிருமியைக் கொல்லும் கிருமியை இயற்கை எங்கும் விதைத்து வைத்திருக்கிறது. ஆறாத புண்ணை ஆற்றவும் அது ஒருநாள் முறையான மருந்தாக வரலாம். ஆனால் ஆற்றைக் கழுவுவது அதன் வேலையல்ல. அந்தப் பொறுப்பு கரையில் நிற்பவர்களுடையது.